சக்கரம் வைத்த வீட்டில் நான்கு நாள்!

சாவியைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், வேனின் நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்ததுதான். வாடகை அலுவலகத்துப் பையன் புரியாமல் சிரித்தான்.

"மாமா, அதெல்லாம் அவங்களே செக் பண்ணியிருப்பாங்க" என்றார் மருமகன்.

"அவங்க பண்ணியிருப்பாங்க மாப்பிள்ளை. ஓட்டப்போறது நானல்லோ?"

28 வருடம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரசு பஸ் ஓட்டியவர். ஆழியாரைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டும், எந்த இடத்தில் வரையாடு நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த 28 வருடத்தில் அவர் மனைவி அவருடைய பஸ்ஸில் ஏறியது இரண்டே முறை. இரண்டும் எழவு வீட்டுக்குப் போனது.

மெல்போர்னுக்கு அவர்கள் வந்தது மகளின் பிரசவத்துக்காக. பேரனுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது மகள்தான் இந்த வேனை ஏற்பாடு செய்தாள். "நீங்க ரெண்டு பேரும் தனியா எங்கியும் போனதே இல்லையேப்பா. நாலு நாள் கடலோரமாப் போயிட்டு வாங்க." தமிழ்நாட்டு லைசென்ஸில் விவரங்கள் ஆங்கிலத்திலும் இருந்ததால் பிரச்னை இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நம்மூரைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

மகள் அப்பாவுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வாரம் முன்பு சமையலறையில் அம்மாவிடம் மட்டும் கேட்டிருந்தாள். "நான் ஆபீஸ் போகணும்மா. நீ மட்டும் இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வர்றியா?" அந்தம்மா தலையாட்டியிருந்தார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமலேயே வேனில் ஏறிவிட்டார்.

படையாட்கள் போட்ட ரோடு

வேன் என்றால் வெறும் வேன் இல்லை. உள்ளே ஒரு காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குட்டி ஃப்ரிட்ஜ். பகலில் சாப்பாட்டு மேஜை. அதையே மடக்கிப் பலகையைப் போட்டால் ராத்திரி கட்டில். அந்தம்மா அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "ஏனுங்க, நாம கல்யாணமாகி முதல்ல குடியிருந்த வீடு இத்தனைதானுங்களே இருக்கும்!"

மெல்போர்னிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் டார்கி என்ற ஊர். அங்கேதான் 'கிரேட் ஓஷன் ரோடு' தொடங்குகிறது. மொத்தம் 243 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல்.

ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் ரோட்டின் குறுக்கே மர வளைவு ஒன்று நிற்கிறது. பக்கத்தில் இரண்டு தொழிலாளிகளின் வெண்கலச் சிலை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். அங்கிருந்த பலகையை மகள் கொடுத்த போனில் மொழிபெயர்த்துப் படித்தார். முதல் உலகப்போரிலிருந்து உயிரோடு திரும்பிய வீரர்கள் ஏறக்குறைய 3,000 பேர், திரும்பாமல் போன தோழர்களின் நினைவாகப் போட்ட ரோடு இது. 1919-ல் தொடங்கி 1932-ல் முடித்திருக்கிறார்கள். பெரிய இயந்திரங்கள் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து அவ்வளவுதான்.

அவர் வண்டிக்கு வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "மலைய வெட்டி ரோடு போடறதுன்னா சும்மா இல்ல அம்மிணி. நம்ம வால்பாறை ரோட்டுல எத்தன பேரு ரத்தம் கலந்திருக்கோ..."

லோர்ன் தாண்டியதும் வளைவுகள் நெருங்கின. அவர் முகமே மாறிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் தளர்ந்து, முதுகு நிமிர்ந்தது. மெதுவாகப் போகும் வண்டிகள் ஒதுங்கி நிற்க ரோட்டோரத்தில் ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்ததுமே அவர் ஒதுங்கி வழிவிட்டார். ஒவ்வொரு காரும் கடக்கும்போது உள்ளிருந்தவர்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

"எதுக்குங்க கையக் காட்டறாங்க?"

"நன்றி சொல்றாங்க புள்ள."

"28 வருசத்துல உங்களுக்கு எத்தன பேரு இப்படிச் சொல்லியிருப்பாங்க?"

அவர் யோசித்தார். "எஸ்டேட் ஆளுக சில பேரு எறங்கறப்ப சொல்லுவாங்க."

கென்னட் ரிவர் என்ற சிற்றூரில் யூகலிப்டஸ் மரக்கிளையில் ஒரு கோலா தூங்கிக்கொண்டிருந்தது. அந்தம்மா பேரனிடம் காட்ட அதை 11 படம் எடுத்தார். பதினொன்றிலும் அது தூங்கிக்கொண்டேதான் இருந்தது.

முதல் ராத்திரி அப்போலோ பேயில். இந்த ரோட்டில் நினைத்த இடத்தில் வேனை நிறுத்திப் படுக்க முடியாது. அதற்கென்றே இருக்கும் கேரவன் பார்க்கில் வாடகை கட்டி நிறுத்த வேண்டும். கரன்ட் இணைப்பு, குளியலறை, பொதுச் சமையல்கூடம் எல்லாம் அங்கே உண்டு. வேனின் கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் காலி செய்யவும் தனி இடம் இருக்கிறது. அந்த வேலையை அவர் மூக்கைச் சுளிக்காமல் செய்ததை அந்தம்மா கதவருகே நின்று பார்த்தார். வீட்டில் ஒரு டம்ளர்கூட நகர்த்தாத மனுஷன்.

காட்டுக்குள் 800 மீட்டர்

இரண்டாம் நாள் ரோடு கடலை விட்டுக் காட்டுக்குள் நுழைந்தது. மெய்ட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் மழைக்காட்டுக்குள் ஒரு நடைபாதை. சுற்றிவர 800 மீட்டர்தான். ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த பெரணி மரங்கள், பாசி படர்ந்த அடிமரங்கள். அந்தம்மாவுக்கு வலது முழங்காலில் வலி உண்டு. மரப்பலகை போட்ட இடங்களில் அவர் முன்னால் நடந்து, ஈரம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். "இங்க வழுக்கும்... இங்க ஒரு படி."

"கண்டக்டர் மாதிரியே சொல்றீங்க" என்று சிரித்தார் அந்தம்மா.

கேப் ஆட்வேயில் 1848-ல் ஏற்றிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குமேல் மறுபடி கடலோரம் வந்தார்கள். கிப்சன் ஸ்டெப்ஸ் என்ற இடத்தில் செங்குத்தான பாறையைச் செதுக்கிய 86 படிகள் மணலுக்கு இறங்குகின்றன. "நீ இங்கியே உக்காரு, நான் போட்டோ எடுத்துட்டு வர்றேன்" என்றார். "இத்தன தூரம் வந்து படிமேல உக்காந்திருக்கவாங்க?" என்று அந்தம்மா கைப்பிடியைப் பிடித்துவிட்டார். இறங்க கால் மணி நேரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சுண்ணாம்புப் பாறைச் சுவர் அத்தனை உயரம். அலையின் இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' வந்தார்கள். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் பாறைத் தூண்கள். பேர்தான் பன்னிரண்டு. ஒருபோதும் பன்னிரண்டு இருந்ததில்லை. ஒன்பது இருந்து, 2005 ஜூலையில் ஒன்று சரிந்து விழுந்து, இப்போது எட்டு என்கிறார்கள். அலை பாறைச் சுவரை முதலில் குடைந்து குகையாக்கும். குகை இருபக்கமும் துளைபட்டு வளைவாகும். வளைவின் மேல்பாகம் விழுந்தால் இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் தனித்தூண். பிறகு அந்தத் தூணும் ஒருநாள் விழும். இருட்டும் நேரத்தில் குட்டிப் பென்குவின்கள் கூட்டமாகக் கரையேறின. மேலிருந்து பார்க்க, ஈர மணலில் எறும்பு வரிசை நகர்வது போல இருந்தது.

அடுப்பு அணைந்த பிறகு

அன்று ராத்திரி போர்ட் கேம்பெல் கேரவன் பார்க்கில்தான் அது வெளியே வந்தது. மேஜையைக் கட்டிலாக்கிப் படுத்த பிறகு, இருட்டில்.

"ஏனுங்க... பாப்பா என்னைய இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றா."

"தெரியும்."

"எப்படிங்க?"

"மாப்பிள்ளை டிக்கெட்ட மாத்தினது போன்ல வந்துச்சு. என்ற பேரு மட்டும் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார் அவர். "ரிட்டயர்டானா ஒண்ணா இருக்கலாம்னுதான இருந்தோம். நான் அந்த வீட்டுல தனியா என்ன பண்ணுவேன்? ராத்திரி எட்டு மணிக்கு மேல அந்த வீதியில நாய்கூட கொலைக்காது."

அந்தம்மா எழுந்து உட்கார்ந்தார். வேனுக்குள் எழுந்து போகவும் இடமில்லை, கோபித்துக்கொண்டு வேறு அறையில் படுக்கவும் வழியில்லை.

"நானும் அந்த வீட்டுலதானுங்க 28 வருசம் இருந்தேன். நீங்க டியூட்டி போயிட்டு நைட் ஹால்ட்டுன்னு மேலயே தங்கிடுவீங்க. மழ பேஞ்சு ரோட்டுல மண்ணு சரிஞ்சா ரெண்டு நாள் சேதி இருக்காது. பாப்பாவ மடியில போட்டுக்கிட்டு ரேடியோவக் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். அப்ப நான் என்ன பண்ணுனேன்னு நீங்க ஒரு நாள் கேட்டதில்லையே."

அவர் பதில் சொல்லவில்லை. இருவரும் தூங்கினார்களா என்று இருவருக்கும் தெரியாது.

காலையில் அந்தம்மா கண் விழித்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எத்தன ஸ்பூன் போடோணும்?"

இரண்டு பேர் மட்டும் பிழைத்த கப்பல்

மூன்றாம் நாள் லாக் ஆர்ட் கோர்ஜ். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் உள்ளே வந்து ஒதுங்கும் சின்ன மணல்திட்டு. 1878 ஜூன் 1 அதிகாலை, இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்த 'லாக் ஆர்ட்' கப்பல் இதன் அருகே பாறையில் மோதி மூழ்கியது. 54 பேரில் பிழைத்தது இரண்டே பேர். டாம் பியர்ஸ் என்ற 18 வயதுக் கப்பல் பயிற்சியாளன், ஈவா கார்மைக்கேல் என்ற இளம்பெண். கரை சேர்ந்த டாம், அவள் கூக்குரல் கேட்டு மறுபடி நீந்திப்போய் இழுத்து வந்தான். ஈவா பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் அந்த விபத்தில் இழந்தாள். இந்த இருவரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று அந்தக் காலத்தில் ஊரே எதிர்பார்த்தது. நடக்கவில்லை. அவள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

"கதைன்னா சேர்ந்திருப்பாங்க" என்றார் அந்தம்மா.

பக்கத்தில் ஒரு பறவைத் தீவு. அங்கே மட்டன்பேர்ட் என்னும் கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. இருட்டிய பிறகுதான் கூட்டமாகத் திரும்பும் என்பதால் பகலில் ஒன்றையும் காணோம். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று அடைகாக்கும்போது மற்றது கடலுக்குப் போய்விடும். ஏப்ரலில் பெரிய பறவைகள் அலாஸ்கா பக்கம் கிளம்பிவிடும். சில வாரம் கழித்து குஞ்சுகள் வழிகாட்ட யாருமில்லாமல் தாங்களாகவே அதே வழியில் பறந்து போகும். அவர் இதைப் போனில் படித்துவிட்டு இன்னொரு முறையும் படித்தார்.

கொஞ்ச தூரத்தில் 'லண்டன் பிரிட்ஜ்'. கரையோடு ஒட்டியிருந்த இரட்டை வளைவுப் பாறை. 1990 ஜனவரி 15 அன்று கரையை ஒட்டிய வளைவு திடீரென்று விழுந்தது. நடந்துபோன இரண்டு பேர் கடல்பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது.

"நல்லவேளை, ரெண்டு பேரும் ஒரே பக்கம் மாட்டுனாங்க" என்றார் அவர். முந்தின ராத்திரிக்குப் பிறகு அந்தம்மா அப்போதுதான் சிரித்தார்.

ஒரு டம்ளர் அரிசிக்கு...

கடைசி ராத்திரி வார்னம்பூலில். அந்தம்மா வெங்காயம் எடுக்கப் போனபோது அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "நீ உக்காரு. சொல்லு, நான் செய்யறேன்."

வேனில் இருந்தது ஒரே பாத்திரம். அதற்கு ஏற்றது அரிசிம்பருப்பு சாதம்தான். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே துவரம்பருப்பு. கடுகு, சீரகம், சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள், காய்ந்த மிளகாய். அவர் கேரவன் பார்க் ரசீதின் பின்பக்கம் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

"மொதல்ல பருப்ப ஊறப்போடோணுங்க. குக்கர்னா மூணு டம்ளர் தண்ணி. மூடியில்லாத பாத்திரம்னா இன்னும் ஒண்ணு."

"அவசரப்படாத. மெதுவாச் சொல்லு."

சாதம் கொஞ்சம் அடிப்பிடித்தது. உப்பு ஒரு கல் அதிகம். இருவரும் நெய்யை ஊற்றி ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார். "அப்ப நீ ராத்திரியில என்ன பண்ணுவ? மண்ணு சரிஞ்ச அன்னிக்கு."

அந்தம்மா சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு ரேடியோ, டெப்போவுக்குப் போன் பண்ணக் கடைவீதி வரை நடந்தது, ஒருமுறை பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த கதை. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே பார்க்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அடுத்த வாரம் அவர் மட்டும் விமானம் ஏறினார். டிக்கெட் மாறவில்லை. ஆறு மாதம் ஆறு மாதம்தான்.

ஊருக்குப் போன மூன்றாம் நாள் ராத்திரி அந்தம்மாவின் போனில் ஒரு படம் வந்தது. பொள்ளாச்சி வீட்டு அடுப்பு. அதன்மேல் குக்கர். அடுப்பு மேடைச் சுவரில் செலோடேப்பில் ஒட்டிய கேரவன் பார்க் ரசீது.

பேரனைத் தோளில் போட்டுத் தட்டியபடியே அந்தம்மா வீடியோ காலில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, பருப்ப ஊறப்போட்டீங்களா?"

மறுமுனையில் ஒரு நிமிடம் சத்தமில்லை.

"அட... மறந்துட்டேன் அம்மிணி."

"பரவால்லீங்க. ரெண்டு விசில் சேத்து விடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."