முப்பது நாள் பயிற்சியும் ஓர் அலுமினியப் பெட்டியும்

வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து சில மைல் தள்ளி, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய ஊர். அங்கே ஒரு வீட்டுப் பரணில் அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியில் இருந்த யூனிசெஃப் முத்திரை பாதி அழிந்துவிட்டது. உள்ளே ஒரு கிண்ணம், கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் பிரஷ், சோப்பு டப்பா, மடித்து மடித்து விரிசல் விட்ட பிளாஸ்டிக் விரிப்பு. தொப்புள்கொடி கட்டும் நூல் மட்டும் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. பெட்டிக்குச் சொந்தக்காரர் எழுபத்தைந்தைத் தாண்டிய மருத்துவச்சி. ஊருக்கே ஆயா.

விருத்தாசலம் பக்கம் கைத்தொழிலைப் பற்றி எழுத வருகிறவர்கள் பீங்கான் சூளைக்குத்தான் போவார்கள். நானும் அதற்காகவே வந்திருந்தேன். இந்த வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற தோழி ஒருவர், "பொம்மை செய்யற கையைப் பத்தி எழுதறவங்க இருக்காங்க. புள்ள எடுத்த கையைப் பத்தி யாரு எழுதறா?" என்று சொல்லி இங்கே கூட்டிவந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் ஆட்டுச் சந்தைக்கு வந்த வண்டிகள் வழியெல்லாம் நின்றன. சந்தை இரைச்சலைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது ஆயா திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

ஆயா பிறந்தது சவரத் தொழில் செய்யும் குடும்பத்தில். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஆண்கள் முடி திருத்தினால் பெண்கள் பிள்ளைப்பேறு பார்ப்பார்கள். மாமியாருக்குப் பின்னால் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவருடைய படிப்பு தொடங்கியது. வயிற்றில் கை வைத்தால் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், வந்திருப்பது சூட்டு வலியா பேற்று வலியா என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது. நடுராத்திரியில் ஓடிவந்து கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறந்து, தீட்டுத் துணியையும் அவரே அலசி முடித்தபின் கொல்லைப்புற வழியாக அனுப்புவார்கள். தண்ணீர் கேட்டால் தனிச் சொம்பு. கூலியாக ஒரு முறம் நெல், கொஞ்சம் எண்ணெய், வசதியுள்ள வீடென்றால் ஒரு பழைய சேலை. பெண் குழந்தை பிறந்தால் நெல்லும் குறையும். ஊரில் பாதிப் பேரின் முதல் அழுகையைக் கேட்டவரை ஊர் இப்படித்தான் நடத்தியது. இதைச் சொல்லும்போது ஆயாவின் குரல் உயரவில்லை. கேட்ட எங்களுக்குத்தான் கோபம் அடங்க நேரமானது.

அரசாங்கப் பயிற்சி வந்தது 1980களில். ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி வேண்டும், ஆயிரம் பேருக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அன்றைய மத்திய அரசின் இலக்கு. முப்பது வேலை நாள் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ வகுப்பு. மற்ற நாட்களில் செவிலியரோடு ஊர் ஊராகப் போக வேண்டும். அவர் கண்காணிப்பில் இரண்டு பிரசவமாவது பார்த்துக் காட்ட வேண்டும். உதவித்தொகை முன்னூறு ரூபாய். முடித்தால் ஒரு சான்றிதழும் ஒரு பெட்டியும்.

பெட்டி செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முன்பெல்லாம் கொடியை அறுக்கக் கையில் கிடைத்தது கதிர் அரிவாளோ மூங்கில் சிம்போதான். அறுத்த இடத்தில் சாம்பல் வைப்பார்கள், சில வீடுகளில் சாணம். ஏழாம் நாள், எட்டாம் நாள் வாய் கட்டிப்போய், உடம்பு வில்லாக வளைந்து குழந்தைகள் இறக்கும். ஊரார் ஜன்னி என்றும் காத்து கருப்பு என்றும் சொல்லிக்கொண்டிருந்தது ரணஜன்னி. கை, படுக்கை, பிளேடு, நூல், அறுத்த கொடி ஆகிய ஐந்தும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடமும், கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசியும் சேர்ந்துதான் அந்தச் சாவை விரட்டின. தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. அந்தக் கணக்கில் ஆயாவின் கைகளுக்கும் பங்கு உண்டு. சீம்பாலைப் பீச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைப்பதையும் அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் அவர் நிறுத்தினார். பாடத்தில் குடும்பக் கட்டுப்பாடு, பதிவேடு என்று வேறு பகுதிகளும் இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அவரிடம் அதிகமில்லை.

ஆனால் முப்பது நாளில் ஒருவர்கூட அவரிடம், "நீங்க எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்கவில்லை. வலி எடுத்தவளை நடக்கவிட்டு, விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குந்தவைத்துப் பிள்ளை எடுத்தவர் அவர். பயிற்சியில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னார்கள். தலைமுறைகளாகத் தொட்டுத் தெரிந்த அறிவு ஒரு பக்கமும் புத்தக அறிவு ஒரு பக்கமும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் பேசிக்கொள்ளவே இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்கால இரவு. பிள்ளை நன்றாகப் பிறந்துவிட்டது, நஞ்சு விழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. "பொட்டியில இருந்ததையெல்லாம் எடுத்துப் பாத்தேம்மா. அதுக்கு அதுல ஒண்ணுமில்ல" என்றார் ஆயா. மாட்டு வண்டி கட்டி விருத்தாசலம் போகும் வழியிலேயே அந்தப் பெண் இறந்தாள். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கு ஒரு தாயை இரண்டு மணி நேரத்துக்குள் கொன்றுவிடும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசியும், ரத்தமும், அறுவை அரங்கும் எட்டும் தூரத்தில் இல்லாதபோது சோப்பும் கத்தரிக்கோலும் என்ன செய்யும்? மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்துத் தாய்மார் மரணத்தைக் குறைக்க முடியவில்லை என்ற முடிவுக்கு 1997 அக்டோபரில் கொழும்பில் கூடிய பன்னாட்டு ஆலோசனைக் கூட்டம் வந்தது. உண்மைதான். ஆனால் பின்னால் மருத்துவமனையோ வண்டியோ இல்லாத பயிற்சியைக் கொடுத்துவிட்டு, தோல்வியை அந்தப் பெண்களின் பேரில் எழுதுவது எந்த நியாயம்?

சம்பளக் கணக்கைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். பதிவான ஒரு பிரசவத்துக்குப் பத்து ரூபாய், குழந்தையைப் பதிந்தால் மூன்று ரூபாய் என்பது திட்டத்தில் எழுதியிருந்த தொகை. அதையும் வாங்க அலைய வேண்டியிருந்தது என்கிறார் ஆயா. 2005இல் மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டம் வந்தபின் நாடு முழுவதும் மருத்துவச்சிப் பயிற்சி மங்கி மறைந்தது. நீங்கள் இனி வேண்டாம் என்று இந்தப் பெண்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. கொடுத்தது போதும் என்று ஓய்வூதியம் தரவும் இல்லை. நூல் கொடுப்பது மட்டும் நின்றுபோனது.

வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. 2018இல் திருப்பூரில் யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டில் பிள்ளை பெற முயன்ற ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மூன்று செவிலியரை வைத்து இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்த்ததும், 2008இல் ஓடத் தொடங்கிய 108 வண்டியும், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவியும் சேர்ந்து இங்கே தாய்மார் மரணத்தைக் குறைத்தன. 2018-20 கணக்கில் லட்சம் பிறப்புக்கு இங்கே 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியச் சராசரி 97. அதே மாநிலத்தில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 வயிற்றைக் கிழித்து நடந்தது. வலியோடு இருப்பவளின் பக்கத்தில் பொறுமையாக உட்காரத் தெரிந்த ஆள் பிரசவ அறையில் குறைந்துவிட்டார் என்பதும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

உள்ளூர்ப் பெண்களை வேறு விதமாகவும் பழக்கியிருக்க முடியும் என்பதற்குச் சாட்சி வெகுதூரத்தில் இல்லை. வேப்பூரிலிருந்து சேலம் சாலையில் சின்னசேலம், ஆத்தூர் என்று போனால் வலப்பக்கம் கல்வராயன் மலை. அதற்கும் சித்தேரி மலைக்கும் நடுவே தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கே மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழ்கிறார்கள். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது பக்கத்து மருத்துவமனை 48 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆயிரத்துக்கு 150 அளவில் சிசுக்கள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதை நம்பியிருக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களையே எடுத்து, அந்த மருத்துவமனையிலேயே வைத்துச் செவிலியராகப் பழக்கினார்கள். ஊர்கள் தேர்ந்தெடுத்த பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகித் தங்கள் ஊர்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்தார்கள். சிசு மரணம் இருபது அளவுக்கு இறங்கியது.

நீலகிரி கூடலூரிலும் இதே பாதைதான். 1987இல் ஆதிவாசி ஊர்களில் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கத் தொடங்கி, 1990இல் ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது. பணியர், பெட்டகுறும்பர் போன்ற சமூகங்களின் பெண்கள் அங்கே செவிலியரானார்கள். கடல் கடந்தால் கனடா. வடகோடியில் இனூயிட் பெண்களைப் பிள்ளைப்பேற்றுக்காக விமானத்தில் ஏற்றித் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் பாஷை தெரியாத ஊரில் தனியாகக் கிடந்து பெற வேண்டும். 1986இல் புவிர்னிடுக் என்ற ஊரில் பிரசவ நிலையம் திறந்து, இனூயிட் பெண்களையே ஊரைவிட்டு அனுப்பாமல் மருத்துவச்சிகளாகப் பழக்கினார்கள். யார் ஊரிலேயே பெறலாம், யாரைத் தெற்கே அனுப்ப வேண்டும் என்பதை மருத்துவச்சிகள் தலைமையிலான குழு கூடி முடிவுசெய்கிறது. மூன்று இடத்திலும் கற்பவள் ஊரோடு இருக்கிறாள். பயிற்சி முப்பதாம் நாள் முடிந்துவிடுவதில்லை. ஆபத்து என்றால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது.

2018இல் மத்திய அரசு மருத்துவச்சிப் பணிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பதினெட்டு மாதப் படிப்பு. செவிலியர் படிப்பு ஏற்கெனவே முடித்தவர்களுக்குத்தான் இடம். துணைச் செவிலியர் படிப்புக்கே பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். கல்வராயன் மலையில் பத்தாவதோடு நின்றுவிட்ட ஒரு பெண் எந்த வாசல் வழியாக நுழைவாள்? கருமந்துறையிலோ வெள்ளிமலையிலோ ஒரு பயிற்சி நிலையம் வைத்து, ஊர்க்கூட்டம் காட்டும் பெண்களைச் சேர்த்து, படிப்படியாகச் செவிலியர் தகுதிவரை கொண்டுபோகும் வழியை மாநில அரசு வகுக்க வேண்டும். பாடம் எடுப்பவர்களில் மருத்துவரும் செவிலியரும் இருப்பது போல, பிள்ளை எடுத்துப் பழகிய கிழவிகளும் இருக்க வேண்டும்.

தோழி இதை ஆயாவிடம் சொல்லி, "கூப்பிட்டா வருவீங்களா ஆயா?" என்று கேட்டார்.

"வரேன். ஒரு நாளைக்கு என்னா குடுப்பாங்க? நூறு நாள் வேலய வுட்டுட்டுல்ல வரணும்."

ஆசிரியருக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுக்க வேண்டும் என்றார் தோழி. ஆயா தலையாட்டிவிட்டு, அந்தப் படிப்பில் கயிறு பிடித்துக் குந்துவதைச் சொல்லிக்கொடுக்க விடுவார்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.