தாராவிச் சந்தில் ஒரு மேய்ப்பன்

பெற்றோரே, மும்பையில் சயானுக்கும் மாஹிமுக்கும் இடையிலுள்ள தாராவிக்கு வந்து பாருங்கள். 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் நாம் ஒதுங்கி நிற்கவேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தலைமுறைகளாய் இங்கு வாழ்கின்றனர்.

இங்குள்ள 3 வயதுக் குழந்தை மேய்ச்சல் வெளியைக் கண்டதில்லை. ஆனால் கூட்டத்தில் தாயின் கை நழுவும் திகிலை நன்கறியும். ஆகவே லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் காணாமற்போன ஆட்டை அதற்குச் சொல்லுங்கள். “சொல் கேளாவிட்டால் ஆண்டவர் அடிப்பார்” என்று அச்சுறுத்தாதிருங்கள். மேய்ப்பன் ஆட்டை அடித்ததாக அங்கே எழுதப்படவில்லை. 99 ஆடுகளை விட்டுத் தேடிச்சென்றான், கண்டதும் தோளில் சுமந்து மகிழ்ந்தான்.

கதை முடிந்ததும் குழந்தையை உங்கள் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். தேவ அன்பு இன்னதென்று அந்தப் பிஞ்சு உள்ளம் உணரும்.