கோதாவரியின் ஐம்பத்தாறு கண்கள்

சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் ரயில் கொவ்வூரைத் தாண்டியதும் தண்ணீர் தொடங்கிவிடுகிறது. எதிர்க்கரையில் ராஜமுந்திரி வரும்வரை முடிவதில்லை. இங்கே கோதாவரியின் அகலம் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல். 1974-இல் வந்த சாலை-ரயில் பாலமும், 1997-இல் வந்த கான்கிரீட் வில் பாலமும் இன்றைய ரயில்களைச் சுமக்கின்றன. எதையும் சுமக்காமல் நிற்கிறது மூன்றாவது பாலம். 1897-இல் தொடங்கி 1900-இல் திறக்கப்பட்ட ஹேவ்லாக் பாலம் அது. ஒற்றை ரயில்பாதைக்கான அந்த இரும்புப் பாலத்தில் 97 ஆண்டுகள் ரயில் ஓடியது. அதற்கு முன் வடக்கே போனவர்கள் ரயிலை விட்டு இறங்கி, படகேறி, மறுகரையில் மறுபடி ரயில் பிடித்தார்கள். அந்தப் பாலத்தைக் காயலான் கடைக்கும் அனுப்பக் கூடாது, காட்சிப்பொருளாக்கிப் பூட்டியும் வைக்கக் கூடாது. முழு நீளத்துக்கும் மனிதர் நடக்கும் பாலமாக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இதைப் பழமைப் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. காசியில் கங்கைமீது டஃபெரின் பாலத்தை எழுப்பிய அனுபவத்தோடு வந்து இதைக் கட்டியவர் பொறியாளர் வால்டன். மணல் ஆற்றில் தூண் நிற்க வேண்டுமானால் கிணறு இறக்க வேண்டும். வட்டச் சுவரைக் கட்டி, உள்ளே மணலை அள்ள அள்ள, சுவர் தன் எடையாலேயே கீழே இறங்கும். அப்படி இறக்கிய அடித்தளத்தின் மேல் கல் தூண்கள், அவற்றின் மேல் ஒவ்வொன்றும் சுமார் 45 மீட்டர் நீளமுள்ள 56 கண்கள். 1986 ஆகஸ்டில், ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள தவளேஸ்வரம் அணையில் நொடிக்கு சுமார் 35 லட்சம் கன அடி வெள்ளம் போனபோதும் பாலம் நின்றது. பக்கத்து வில் பாலத்தின் கண்கள் 28, பழையதில் சரிபாதி. இரண்டு பழைய கண்களுக்கு ஒரு புது வில் என்று எண்ணிக்கொண்டே வரலாம். நூறாண்டு இடைவெளியில் பொறியியல் கடந்த தூரத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு எங்கே வாய்க்கும்? ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் வெறும் பாலமாகிவிடும்.

கிட்டே போய் ஒரு ரிவெட்டைப் பார்த்தால் போதும், இது எத்தனை பேரின் கைவேலை என்று தெரியும். வெல்டிங் வராத காலம். ஆணியை உலையில் சிவக்கக் காய்ச்சி, துளையில் செருகி, ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, மறுபுறம் இன்னொருவர் அடித்துக் குமிழாக்குவார். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். ஒரு கவர்னரின் பெயரைத் தாங்கிய அன்னியர் பாலத்தைப் போற்றுவானேன் என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அந்த ஆணித்தலைகளில்தான் இருக்கிறது. பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். கிணறு இறக்கியவர்களும் கல் சுமந்தவர்களும் செய்த வேலைக்குச் சாட்சி இந்தப் பாலம்தான்.

செலவு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தகடுகளுக்கு இடையே ஈரம் தங்கினால் துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் தகடுகள் பிதுங்கும். ஆகவே சுரண்டிச் சாயம் பூசும் வேலை ஓயவே ஓயாது. சரி, நாலைந்து கண்களை மட்டும் மாதிரிக்கு வைத்துக்கொண்டால் என்ன? ஆற்றின் அகலத்தை எதிர்கொண்டதுதான் இந்தப் பாலத்தின் சாதனை. பாதியில் நறுக்கினால் அது கரையோரத்து மேடை. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேல் 1889-இல் கட்டப்பட்ட போகீப்ஸி ரயில் பாலம் 1974-இல் தீப்பிடித்துக் கைவிடப்பட்டது. 2009-இல் அதையே இரண்டு கிலோமீட்டர் நடைபாலமாகத் திறந்தார்கள். பணக்கார நாடு, உண்மைதான். ஆனால் நகரத்தார் தினமும் நடக்கும் இடத்துக்குப் பராமரிப்புப் பணம் கேட்பதும் பெறுவதும் எளிது.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்குத்தான் நான் அதிகம் தயங்குகிறேன். 2022-இல் மோர்பி தொங்குபாலம் அறுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஹேவ்லாக் கம்பிவடத்தில் தொங்கவில்லை, கல் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. திருச்சியில் 1928-இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலமும் தூண்களின் மேல்தான் இருந்தது. 2016-இல் புதுப்பாலம் வந்ததும் வாகனங்கள் அங்கே மாறிக்கொண்டன; 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. போக்குவரத்து நின்ற பாலத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதே அதில் நான் காணும் பாடம். ரயில் ஓடியவரை ஹேவ்லாக்கைச் சோதிக்க ஆள் இருந்தது. மக்கள் நடந்தால் மீண்டும் இருக்க வேண்டிவரும். அதனால் முதல் செலவு விளக்குக்கும் பூந்தொட்டிக்கும் அல்ல. தவளேஸ்வரம் அணை தண்ணீரைத் தேக்குவதால் கோடையிலும் தூண்களின் அடி வெளியே தெரியாது. முக்குளிப்பவர்களை இறக்கி, ஒவ்வொரு தூணடியிலும் மணல் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்க வேண்டும். மழைக்குப் பிறகு அதையே திரும்பச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வந்த பின், ராஜமுந்திரிக் கரையிலிருந்து சில கண்களாகத் திறந்துகொண்டே கொவ்வூர் வரை போகலாம்.