மீன் இருந்தா குடிக்கலாம்

ஆடலூரில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை. தண்ணீர் குடிக்கும் முன் தாத்தா காலால் மணலைக் கிளறுவார். அயிரைகள் சிதறி ஓடும். "மீன் இருந்தா குடிக்கலாம்டா" என்பார்.

கடலோரக் காயல்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பவர்களும் குட்டி மீன்களைத்தான் தேடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிய மீன் பல இடம் போய் வரும். சின்ன மீன் அதிகம் நகராது, ஆயுளும் கொஞ்சம். அதனால் அதன் உடம்பில் இருப்பது பெரும்பாலும் அந்த இடத்தின் அண்மைக் கதை.

உடம்பில் இருப்பதைத்தான் தாத்தா பார்க்கவில்லை. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏரி மீன்களுக்குள் பாதரசம் இருப்பதைச் சொன்னது. உயிரோடு நீந்திய மீன்கள்தான். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மாற்றிவிடும். மாறியது மீனின் சதையில் போய்த் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

போன லீவில் ஓடைக்குப் போனேன். மேலே தோட்டங்களில் இப்போது மருந்தடிக்கிறார்கள். மணலைக் கிளறினேன். ரெண்டே ரெண்டு அயிரை ஓடின. சந்தோஷமாகத்தான் இருந்தது.

தண்ணீரைக் கையில் அள்ளினேன். குடிக்கவில்லை.