இரண்டு வேலைக்கு ஒரு கார்

சித்தப்பாவின்ர கராஜுக்குள் நான் முதன்முதல் போனது கலியாண வேலையாக. ஸ்காபரோவில் அவையளின்ர வீடு சின்னன். அக்காவின்ர கலியாணத்துக்கு வாங்கின சாமான் பெட்டியெல்லாம் கராஜுக்குள்தான் அடுக்கிக் கிடந்தது. பெட்டி எடுக்கப் போனால், நடுவில் சாம்பல் நிறப் போர்வையால் மூடின ஏதோ ஒன்று.

"உது என்ன சித்தப்பா?"

"உதுவோ? அது என்ர மூத்த பிள்ளை."

உள்ளேயிருந்து சித்தியின்ர குரல் வந்தது. "ஓம், காசு மட்டும் தின்னுற பிள்ளை."

1970ஆம் ஆண்டு செவ்ரோலே ஷெவெல் மலிபு. இரண்டு கதவு, கடும் பச்சை நிறம். 350 கன அங்குல வீ-8 எஞ்சின், அதாவது 5.7 லீற்றர். எங்கட ஊரில் ஓடுகிற மாருதி அல்ரோவின்ர எஞ்சின் 0.8 லீற்றர். ஏழு அல்ரோவைச் சேர்த்துக் கட்டினால்தான் இந்த ஒரு எஞ்சின் வரும்.

இந்த வகைக் கார்களை அமெரிக்காவில் 'மசில் கார்' என்று சொல்லுவினம். நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின்ர எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். 1964இல் வந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ.தான் இந்தப் பைத்தியத்தைப் பெரிதாகத் தொடக்கி வைத்தது. சாதாரண ரெம்பெஸ்ற் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை வைத்தார்கள். பிறகு எல்லாக் கம்பனியும் போட்டிக்கு இறங்கின. 1970இல் ஷெவெலின்ர உச்ச மொடல் 454 கன அங்குல எஞ்சினோடு 450 குதிரைவலு என்று விற்கப்பட்டது. கொஞ்ச வருசத்தில் எல்லாம் முடிந்துபோனது. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின.

சித்தப்பாவின்ர ஷெவெல் உச்ச மொடல் இல்லை, சாதாரண மலிபு. பதினைந்து வருசத்துக்கு முதல் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிட்ட வாங்கினது. இரவு வேலைக்குப் போய்ப் போய்ச் சேர்த்த காசு. முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் போட்டார், சீற் தைத்தார், துருப்பிடித்த தகரத்தை வெட்டிப் புதுசு ஒட்டினார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மகளைக் கலியாண மண்டபத்துக்கு இந்தக் காரில் தானே ஓட்டிக்கொண்டு போக வேணும்.

பிரச்சினை என்னவென்றால், தம்பிக்கும் அந்தக் காரில் ஒரு ஆசை இருந்தது.

தம்பி சித்தப்பாவின்ர கடைசி மகன். 22 வயது. தமிழ் விளங்கும், கதைக்கேக்க பாதி ஆங்கிலம். ஆனால் ஸ்பனர் பிடித்தால் அப்படியே சித்தப்பா. முதல் வருச மாரியில் சித்தப்பா முழங்கால் ஒப்பரேஷன் செய்து படுத்திருந்தபோது, "எஞ்சினை நீயே செய்" என்று அவனிட்டக் கொடுத்துவிட்டார். அவன் செய்தது பந்தயக் கார்.

பெரிய காம்ஷாஃப்ட் போட்டான். பின் அச்சின்ர கியரை மாற்றி 4.10 போட்டான். நான் போன மூன்றாம் நாள் எனக்கு ஸ்ரார்ட் பண்ணிக் காட்டினான். சும்மா நிற்கேக்கயே தட... தட-தட... தட என்று குதிக்கிற சத்தம். நெஞ்சுக்குள் இடிக்கும். நான் உடனே ஃபோனை எடுத்து வீடியோ எடுத்தேன். "ஒருக்கா றோட்டில ஓட்டிக் காட்டன்" என்று கேட்டதும் நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

சனிக்கிழமை பின்னேரம், நல்ல ட்ராஃபிக். கார் ஊர்ந்து ஊர்ந்து போகுது. ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கேக்க முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. தம்பி பிரேக்கை மிதித்தபடி. வெப்பமானி ஏறிக்கொண்டு போனது. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு இருக்கிறன். நாலாவதோ ஐந்தாவதோ சிக்னல். சிவப்பு விழுந்தது. தம்பி பிரேக்கை மிதித்தான். கார் நிற்கேல்லை.

அவன் இரண்டு காலாலும் ஏறி மிதித்தது எனக்குத் தெரியும், சீற்றிலிருந்து எழும்பிவிட்டான். கார் கோட்டைத் தாண்டி, பாதசாரிக் கடவைக்குள் பாதி உடம்பை விட்டுத்தான் நின்றது. முன்னுக்கு ஒரு பெண். பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றா. இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அவ ஒன்றும் சொல்லேல்லை, எங்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றா. அந்த வீடியோ என்ர ஃபோனில் இருந்தது. அன்றிரவே அழித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தம்பி எல்லாத்தையும் தகப்பனிட்டச் சொன்னான். ஒளிக்கேல்லை, அதில் அவனை மெச்ச வேணும். சித்தப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் பேசாமல் கராஜுக்குப் போய், எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, ஒரு சின்னக் கடிகாரம் மாதிரிச் சாமானை ஒரு குழாயில் கொழுவி, "இஞ்ச வா பிள்ளை, பார்" என்று என்னைக் கூப்பிட்டார். முள் 9இல் நடுங்கிக்கொண்டு நின்றது.

"பழைய காமோட இது 18இல நிண்டது."

அவர் விளங்கப்படுத்தினது இதுதான். எஞ்சின் மூச்சை இழுக்கேக்க உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகும். பவர் பிரேக் அந்த வெற்றிடத்தில்தான் வேலை செய்யுது. எங்கட கால் கொடுக்கிற விசையை அதுதான் பல மடங்காக்கும். பந்தயக் காம் வால்வுகளைக் கனநேரம் திறந்து வைத்திருக்கும். உள்ளே வருகிற வால்வும் வெளியே விடுகிற வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற நேரமும் கூட. எஞ்சின் 5,000, 6,000 சுற்றில் ஓடேக்க அது நல்லது, நிறையக் காற்றுப் போகும். ஆனால் மெதுவாக ஓடேக்க எரிந்த புகை திரும்பி உள்ளே வரும், வெற்றிடம் குறையும். அந்தத் தட-தட சத்தமே எஞ்சின் மூச்சுத் திணறுகிற சத்தம்தான். சும்மா நிற்கேக்க எஞ்சின் நின்றுபோகாமல் இருக்கத் தம்பி சுற்றைக் கூட்டி வைத்திருந்தான். அதனால் கார் முன்னுக்குத் தள்ளியது. அதைப் பிடிக்க அடிக்கடி பிரேக் மிதித்ததில் மிச்சம் இருந்த வெற்றிடமும் தீர்ந்துவிட்டது. பிறகு பெடல் கல்லுத்தான்.

நான் ரசித்து வீடியோ எடுத்த சத்தம், பிரேக் வேலை செய்யாது என்று கார் சொன்ன சத்தம்.

"அப்ப இவன் பிழையாச் செய்துபோட்டானோ சித்தப்பா?"

"இல்லை. சரியாத்தான் செய்திருக்கிறான். ஆனால் வேற இடத்துக்கு."

அந்த 'வேற இடத்தை' அடுத்த கிழமை தம்பி எனக்குக் காட்டினான். கயூகாவில் இருக்கிற ரொறன்ரோ மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க். நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீற்றர் ஓடுகிற ட்ராக். அவன்ர கூட்டாளி ஒருவனும் பழைய ஷெவெல்தான் வைத்திருக்கிறான். ஆனால் அது ட்ரெயிலரில் ஏறித்தான் ட்ராக்குக்கு வரும். கொம்ப்ரெஷன் 12க்கு மேலே. பெற்றோல் செற்றில் அடிக்கிற பெற்றோலில் ஓட்டினால் எஞ்சின் அடித்து உடையும், பந்தய எரிபொருள்தான் வேணும். பின் ரயர் வழுவழு என்று இருக்கும், மழைத் தண்ணியில் ஓடவே முடியாது. உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு. NHRA விதிப்படி இந்த மாதிரிப் பழைய கார் கால் மைலை 11.49 செக்கனுக்குள் முடிக்குதென்றால் அந்தக் குழாய் கட்டாயம்.

"எங்கட காருக்கும் இது போடலாமே?" என்று கேட்டேன்.

கூட்டாளி தலையாட்டினான். ட்ராக்கில் ஹெல்மெற் போட்டு, ஐந்து பட்டியால் கட்டித்தான் இருப்பினமாம். றோட்டில் ஹெல்மெற் இல்லாமல் சின்ன மோதல் வந்தாலும் தலை நேரே அந்த இரும்பில்தான் அடிக்கும். ட்ராக்கில் உயிரைக் காப்பாற்றுகிற அதே குழாய் றோட்டில் மண்டையை உடைக்கும். எனக்கு இரண்டு காரின்ர வித்தியாசம் முழுதாக விளங்கினது அந்த இடத்தில்தான்.

அந்த NHRA அமைப்பு 1951இல் தொடங்கினதே தெருவில் ஓடுகிற பந்தயத்தை ட்ராக்குக்குக் கொண்டுபோகத்தான். ஒன்ராறியோவில் இப்ப தெருவில் பந்தயம் ஓடிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே லைசன்ஸ் 30 நாள் போகும், கார் 14 நாள் போகும். தம்பி திரும்பி வரேக்க முழு வழியும் பேசேல்லை.

பிறகு கராஜில் பெரிய வாக்குவாதம். தம்பி, வெற்றிடத்துக்கு ஒரு மின்சாரப் பம்ப் பூட்டலாம், காமை விடுங்கோ என்றான். அதுவும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் சித்தப்பா விடேல்லை. பிரேக்கைத் திருத்தினாலும் சூடு இருக்குது. 4.10 கியரில் 100 கிலோமீற்றர் வேகத்துக்கு எஞ்சின் 3,300 சுற்று அளவில் கத்தும். ஹைவேயில் பக்கத்தில் இருக்கிறவரோட கதைக்க ஏலாது. "உன்ர கொக்காவைக் கூட்டிக்கொண்டு போறதோ, அவவைச் செவிடாக்கிறதோ?"

அப்போதுதான் அவர் தன்ர கதையைச் சொன்னார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் அவர் கொக்குவிலில் ஒரு கராஜில் வேலை பழகினவர். பெற்றோல் இல்லை, ஒஸ்ரின், மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். மண்ணெண்ணெய் கெதியில் அடிக்கும் என்றபடியால், ஹெட்டுக்குக் கீழே தடித்த கஸ்கற் வைத்துக் கொம்ப்ரெஷனைக் குறைத்தார்கள். வேகம் செத்துப்போகும், புகை கண்ணை எரிக்கும். "ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். நாங்கள் காரை மாத்தினது அதுக்கு." கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "என்னத்துக்கு எண்டு முதல் கேட்டுப்போட்டுத்தான் ஸ்பனரை எடுக்க வேணும்."

தம்பி என்ன நினைத்தானோ தெரியாது. இரண்டு நாள் கழித்து விடிய நான் எழும்பிப் போக, அவன் ரேடியேற்றரைக் கழற்றிக்கொண்டு நின்றான். கலியாணத்துக்கு மூன்று கிழமை.

மெல்லிய காம் ஒன்று வாங்கினார்கள். கியர் 3.42 ஆனது. பழைய மூன்று கியர் பெட்டியைக் கழற்றி, நாலாவதாக ஓவர்ட்ரைவ் இருக்கிற 700ஆர்4 பூட்டினார்கள். 100இல் போகேக்க எஞ்சின் 2,000 சுற்றுக்கும் கீழே சாவகாசமாக ஓடும். இந்த வகை எஞ்சினுக்குப் புதுக் காம் போட்டால் முதல் ஸ்ரார்ட்டிலேயே 20 நிமிசம் 2,000 சுற்றுக்கு மேலே விடாமல் ஓட்ட வேணும், இல்லாட்டில் காம் தேய்ந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சித்தி வடைத் தட்டோடு போய்ச் சமாதானம் பேசினா. வெற்றிடமானி 16இல் அசையாமல் நின்றது. தகப்பனும் மகனும் அதை ஒன்றாகக் குனிந்து பார்த்ததை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை அழிக்கேல்லை.

கலியாணத்தன்று சித்தப்பாதான் ஓட்டினார். ஏ.சி. இல்லை, ஆகஸ்ட் வெயிலில் அக்காவின்ர மேக்கப் உருகி, அவ மண்டபத்தில் இறங்கேக்க சித்தப்பாவை முறைச்சுக்கொண்டுதான் இறங்கினா. தம்பி பின்னுக்கு வேறு காரில் வந்தான். அவனுக்கு மனவருத்தம் தீரேல்லை. கழற்றின பெரிய காமை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறான். ட்ராக்குக்கென்று பழைய கார் ஒன்று வாங்கக் காசு சேர்க்கிறான். சித்தப்பா அதுக்கு 500 டொலர் கொடுத்தது சித்திக்குத் தெரியாது.

நான் திரும்பி வந்து ஆறு மாதம். எங்கட ஒழுங்கையால் பின்னேரங்களில் சைலன்சரைக் கழற்றின மோட்டார் சைக்கிள்கள் போகும். முன்பென்றால் அந்தச் சத்தத்துக்கு நானும் எட்டிப் பார்ப்பேன். இப்பவும் பார்க்கிறன். ஆனால் பெடியன் எப்படி ஓடுறான் என்றில்லை, ஒழுங்கை முடக்கில் ஆர் நிற்கினம் என்று.