போதும் என்று சொல்லத் தெரியாதவனை வாக்கிங் கூட்டிப்போன கதை



வழக்கமா சுகர், பிரஷர், காய்ச்சல்னு எழுதுவேன். இன்று எங்கள் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். கீழே வரும் நாய் சம்பந்தப்பட்ட விஷயங்களெல்லாம் எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தவை.

பெயர் மிளகு. கருப்பு நாட்டு நாய். ஒரு மழைநாளில் எங்கள் ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர் பின்னால் கிடைத்தவன். எட்டு மாதம் வரைக்கும் வீட்டு காம்பவுண்டுக்குள் ஓடி விளையாடியதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி.

இந்த வருடம் ஏப்ரலில் என் எடையைப் பார்த்தேன். 88 கிலோ. ஓபியில் தினமும் பத்து பேருக்கு "நடங்க, நடங்க"னு சொல்ற ஆள் 88 கிலோ. வெட்கமாக இருந்தது. அடுத்த வார லீவு நாளில் ஷூவை மாட்டிக்கொண்டு, துணைக்கு மிளகையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முந்தைய நாள் டூட்டி அசதியில் எழுந்ததே லேட். வீட்டை விட்டு இறங்கும்போது மணி ஏழே முக்கால். பைபாஸ் ரோட்டில் போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர் என்று திட்டம்.

முதல் ஒரு கிலோமீட்டர் அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். இரண்டாவதில் பக்கத்தில் வந்தான். மூன்றாவதில் பின்னால் வந்தான்.

திரும்பும்போது ஒரு புளியமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டான். நான் "டேய் மிளகு, வாடா"ன்னேன்.

எழுந்து வந்தான்.

நட்புகளே, இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவனுக்கு முடியவில்லை. முடியவில்லை என்பதை உட்கார்ந்து சொன்னான். ஆனாலும் நான் கூப்பிட்டேன் என்பதற்காக எழுந்து வந்தான்.

அடுத்த அரை கிலோமீட்டரில் கால் பின்ன ஆரம்பித்தது. நாக்கு முழுசாக வெளியே தொங்க, எச்சில் நூலாக ஒழுக, அப்படியே ரோட்டோரம் சரிந்துவிட்டான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது.

தூக்கிக்கொண்டு பக்கத்து டீக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை. குடத்துத் தண்ணீரை அப்படியே அவன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கால்களிலும் ஊற்றினார். கடையில் இருந்த ஃபேனைத் திருப்பி வைத்தார். பத்து நிமிடம் அப்படிச் செய்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம்.

அவ்வளவு தண்ணீர் ஊற்றிய பிறகும் வெப்பமானி 104.8 டிகிரி காட்டியது. நாய்க்கு இயல்பான சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். டிரிப் ஏற்றிவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், முட்டி வலினு உங்க ஓபிக்கு வர்றவங்கள முதல் நாளே ஆறு கிலோமீட்டர் நடக்கச் சொல்வீங்களா?"

என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் மிளகு பிழைத்துவிட்டான் என்று தெரிந்த பிறகு அவர் உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தில்தான். சூட்டை வெளியேற்ற அது நம்புவது மூச்சிரைப்பை. காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அதுவும் கைகொடுக்காது. பக் போன்ற மூக்கு சப்பையான இனங்களுக்கு இன்னும் கஷ்டம்.

இரண்டாவது, எலும்பு. குழந்தைகளைப் போலவே குட்டிகளுக்கும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளமாவது அங்கேதான். அது மூடி உறுதியாகும்வரை அடிபட்டால் கால் கோணலாக வளரவும் வாய்ப்புண்டு. சிறிய நாய்களுக்கு ஒரு வயதுக்குள் மூடிவிடும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம்.

அதனால் பைக்கில் செயினைக் கட்டிக்கொண்டு குட்டியை ஓடவிடுவது, உயரத்திலிருந்து குதிக்க வைப்பது, தார் ரோட்டில் தொடர்ந்து ஓடவிடுவது எல்லாம் வளர்ந்து முடியும்வரை கூடவே கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் "இது ஓடுற ஜாதி சார்"னு சொல்வீர்கள். ஓடுற ஜாதிதான். ஆனால் இன்னும் குட்டி.

சரி, அப்போ எவ்வளவு நடக்கலாம்?

பலரும் சொல்லும் ஒரு கணக்கு, வயது ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிடம். எட்டு மாதக் குட்டிக்கு ஒரு நடைக்கு 40 நிமிடம். இது தோராயக் கணக்குதான், வேதவாக்கு கிடையாது. ஆனால் நான் முதல் நாளே, அதுவும் வெயிலில், 75 நிமிடத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன்.

டாக்டரம்மா மிளகுக்குச் சொன்ன முறை இது:

இரண்டு வாரம் முழு ஓய்வு. பிறகு 10 நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் கூட்ட வேண்டும். வாரம் ஒரு நாள் லீவு. நான்காவது வாரம் கூட்டாமல் அதே அளவில் நிறுத்த வேண்டும், உடம்பு பழகட்டும் என்று. முதலில் நேரத்தைக் கூட்டு, வேகத்தைக் கூட்டாதே என்றார்.

காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் ரோடு ஆறிய பிறகுதான். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது ஆகாது. முடிந்தவரை மண் பாதை, புல்தரை. கையில் தண்ணீர். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே நடை வேண்டாம்.

வழியில் நின்று மோந்து பார்த்தால் இழுக்காதீர்கள். நமக்கு அது நேர விரயம். அதற்கு அதுதான் வாக்கிங்கே.

தடுப்பூசி முடியாத சின்னக் குட்டியைத் தெருவில் நடக்க விடாதீர்கள். பார்வோ போன்ற தொற்றுகள் மண்ணிலிருந்தே வரும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில் போடப்படும். தள்ளிப்போடாதீர்கள்.

நடை சரியாக இருந்ததா என்பதை மறுநாள் காலையில் பாருங்கள். எழும்போது விறைப்பாக எழுகிறதா, நொண்டுகிறதா, செயினைப் பார்த்ததும் மூலையில் போய்ப் படுக்கிறதா? அப்படியென்றால் நேற்று அதிகம். ஓய்வு கொடுத்துவிட்டு முந்தைய அளவுக்கு இறங்குங்கள். நொண்டல் ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தயவுசெய்து வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாராசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

நடக்கும்போது பின்தங்கினால், நிழலைத் தேடினால், உட்கார்ந்தால், நடை அங்கேயே முடிந்தது. தடுமாறினால், ஈறு கருஞ்சிவப்பானால், வாந்தி எடுத்தால் அது அவசர நிலை. நிழலுக்குத் தூக்குங்கள். குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். காற்று படட்டும். ஈரத் துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். முதலில் குளிர்விப்பு, பிறகு வண்டி. நன்றாகத் தெளிந்த மாதிரி இருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளுறுப்பு பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

நான்கு மாதம் ஆகிவிட்டது. மிளகுக்கு இப்போது ஒரு வயது. கண்மாய்க் கரையில் 45 நிமிடம் நிதானமாக நடக்கிறான். மறுநாள் காலையில் அவனே செயினைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கிறான். அவன் கணக்கிலேயே நடந்ததில் எனக்கு ஐந்து கிலோ குறைந்தது. முட்டியும் வலிக்கவில்லை.

ஓபியில் பேஷண்ட் "போதும் டாக்டர், முடியல"ன்னு வாய் திறந்து சொல்லிவிடுவார். இவன் சொல்ல மாட்டான். நாம் கூப்பிட்டால் விழும்வரை வருவான். அதனால் எங்கே நிறுத்துவது என்பது முழுக்க நம் பொறுப்பு.

இப்போதெல்லாம் அவன் வழியில் உட்கார்ந்தால் "வாடா" என்று சொல்வதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

வீட்டில் குட்டி வளர்க்கும் நண்பர்களுக்கு இதைப் பகிருங்கள்.