சாமைச் சோறும் ஒரு வருஷமும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது "எடை குறைக்க ஏழு வழிகள்" டைப் பதிவு இல்ல. அடியேன் டாக்டரும் இல்ல. பகல்ல பொட்டி தட்டி, ராத்திரி அமெரிக்காக்காரனோட மீட்டிங்ல தூங்கி வழியற சாதாரண ஆணி புடுங்கி. வயசு 28. 2024 டிசம்பர்ல ஆபீஸ்ல ஓசியில பண்ணின ஹெல்த் செக்கப்ல ஹெச்பிஏ1சி 6.1னு வந்துச்சு. 5.7க்கு கீழ இருந்தா நார்மல், 6.5ஐ தொட்டா சுகர். நான் நடுவுல, "இன்னும் வரல, ஆனா கிளம்பிட்டேன்" கேஸ். 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடி பேருக்கு சுகர், என்னை மாதிரி நடுவாந்திரம் இன்னொரு 13 கோடிக்கு மேல. கம்பெனிக்கு ஆள் இல்லாம இல்ல.

அந்தக் கணக்கைப் பாத்து எனக்கு பயம் வரல. பயம் வந்தது எங்கப்பாவோட இடது காலைப் பாத்து. 2022ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. செருப்பு நிக்காம நழுவும். அவர் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார், நின்னு காலை உள்ள நுழைச்சிட்டு நடப்பார். ரிப்போர்ட்டை கையில வெச்சிருந்தப்ப அந்தச் செருப்புதான் ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் வழக்கம்போல கூகுளாண்டவர். "ஹோல் ஃபுட் பிளான்ட் பேஸ்டு" என்கிற சாப்பாட்டு முறை அப்படித்தான் கண்ணுல பட்டது. காலின் கேம்ப்பெல்னு ஒரு அமெரிக்க உயிர்வேதியியல் பேராசிரியர், "தி சைனா ஸ்டடி"னு 2005ல புத்தகம் போட்டவர், அவர்தான் இந்தப் பேரையே ஊருக்குள்ள பரப்பினவர். விஷயம் சிம்பிள். தாவரம் மட்டும், அதுவும் முடிஞ்ச வரைக்கும் முழுசா. தானியம், பருப்பு, கீரை, காய், பழம், கொட்டை. கறி, முட்டை, பால் கிடையாது. மைதா, சர்க்கரை கிடையாது. எண்ணெய்கூட கிடையாது, ஏன்னா அது எள்ளையும் கடலையையும் பிழிஞ்சு சக்கையை தூக்கிப் போட்டுட்டு எடுத்தது.

கவனிங்க, வெறும் சைவம்னா ரொம்ப ஈஸி. பூரி மசால் சைவம். முறுக்கு சைவம். ஜாங்கிரியை நெய் இல்லாம சுட்டா வீகன். அப்படி சாப்பிட்டு சுகர் வந்தவங்க எங்க தெருவுலயே டஜன் கணக்குல இருக்காங்க. கஷ்டமெல்லாம் அந்த "முழுசா"ங்கிற வார்த்தையிலதான்.

நமக்கு சொந்த ஊர் போளூர். ஊர்ல இருந்து நாப்பது கிலோமீட்டர் மாதிரி மலை ஏறினா ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை. (காவலூர் தொலைநோக்கி இருக்கிறதும் இதே மலைதான், திருப்பத்தூர் பக்கமா.) சின்ன வயசுல சீதாப்பழத்துக்கும் தேனுக்கும் போவோம். அந்த மலையோட பயிர் சாமை. ஆனி, ஆடியில விதைப்பாங்க, ஐப்பசி கார்த்திகையில அறுப்பு. வானம் பாத்த பூமி, சரிவு நிலம், நெல்லுக்கு வழியில்லாத இடத்துலயும் வரும். திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தல்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட சிறுதானிய மையம் இருக்கு, ஏடிஎல் 1னு ஒரு சாமை ரகம் அங்க இருந்து வந்ததுதான்.

சென்னையில சாமை கிடைக்காதானு கேப்பீங்க. தாராளமா கிடைக்கும். பளபளனு, மல்லிப்பூ மாதிரி வெள்ளையா. அதுதான் பிரச்சினையே. சாமைக்கு மேல உமி, அதுக்குள்ள தவிடு. உமியை நீக்கியே ஆகணும், மனுஷன் திங்க முடியாது. ஆனா மில்லுல அதோட நிறுத்தாம தவிட்டையும் சேத்து தீட்டிடறாங்க. நார்ச்சத்து, தாது உப்பெல்லாம் பெரும்பாலும் தவிட்டோட போயிடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணையில 100 கிராம் வெள்ளை அரிசிக்கு நார்ச்சத்து 2.81 கிராம், சாமைக்கு 7.72. இந்த வித்தியாசத்துக்காகத்தான் அரிசியை விட்டு சாமைக்கு வர்றோம். அதையே பாலிஷ் போட்டு வாங்கினா எதுக்கு இந்தப் பாடு? பொன்னி அரிசியையே தின்னுட்டு நிம்மதியா இருக்கலாம்.

ஏன் தீட்டறாங்கன்னும் சொல்லணும். தவிட்டுல எண்ணெய் இருக்கு. ரெண்டு மூணு மாசத்துல சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் வரும். கடைக்காரருக்கு ஷெல்ஃப்ல ஆறு மாசம் கெடாம நிக்கிற சரக்குதான் வேணும். அவரை குத்தம் சொல்ல மாட்டேன்.

சரி, மூலத்துக்கே போயிடலாம்னு 2025 பொங்கல் லீவுல ஜமுனாமரத்தூர் போனேன். அங்க பழங்குடி விவசாயிங்களே சேர்ந்து நடத்தற உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கு, சாமையை உமி நீக்கி பாக்கெட் போட்டு விக்கறாங்க. பக்கத்துல ஒரு அக்கா தரையில சாக்கு விரிச்சு புளி, கொள்ளு, மொச்சை, கொஞ்சம் சாமை வெச்சிருந்தாங்க. பழுப்பு நிறம், அங்கங்க உமி. நான் தேடின சரக்கு.

"வீட்லயும் இதான் சாப்பிடுவீங்களாக்கா?"

அக்கா என்னை ஏற இறங்க பாத்தாங்க. "ரேசன் அரிசி இருக்கே தம்பி. இத குத்தறது யாரு?"

இந்த ஒரு கேள்வியில எனக்கு டயட்டோட மொத்த கணக்கும் தலைகீழாயிடுச்சு. மிஷின் வர்றதுக்கு முன்னாடி ஒரு வேளை சாமைச் சோறுன்னா உரல்ல போட்டு உலக்கையால குத்தணும், முறத்துல புடைக்கணும், திரும்ப குத்தணும். விடியறதுக்கு முன்னாடி. யாரு? வீட்டுப் பொம்பளைங்கதான். அதுக்கப்புறம் காட்டு வேலை. 2011 ஜூன்ல இருந்து ரேஷன்ல அரிசி இலவசம். கார்டுக்கு இருபது கிலோ வீடு தேடி வர்றப்ப (சரி, ரேஷன் கடை வரைக்கும்) யார் உலக்கையை தூக்குவாங்க? "பாரம்பரிய உணவை மறந்துட்டாங்க"னு மேடையில பேசறவங்களைப் பாத்தா, ஒரு படி சாமையையும் உலக்கையையும் கையில குடுத்துட்டு எதிர்ல சேர் போட்டு உக்காரணும்போல இருக்கு.

இன்னொண்ணு. "அந்தக் காலத்துல மலைஜாதி மக்கள் இதைச் சாப்பிட்டுத்தான்..."னு வாட்ஸப்புல வர்ற கதையிலயும் முக்காவாசி பூச்சுதான். ஜவ்வாது மலையில இருக்கிற மலையாளி இன மக்கள் (கேரளா மலையாளி இல்லீங்க, மலையை ஆள்றவங்க) ஒண்ணும் சைவம் கிடையாது. திருவிழான்னா கிடா வெட்டுதான். அவங்க உடம்பை உறுதியா வெச்சதுல சாமைக்கு பங்கு இருக்கும். ஏத்த எறக்கத்துல தினம் நடக்கற நடைக்கு அதைவிட பெரிய பங்கு இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

ஆக, முழுத் தானியத்துக்கு ஒரு உழைப்புக் கூலி இருக்கு, அதை யாராவது குடுத்தாகணும். நம்ம வீட்ல யாரு? தங்கமணியும் வேலைக்குப் போறவங்க. "நான் ஆரோக்கியமா ஆகப்போறேன், நீ சாமையில கல் பொறுக்கு"ன்னு சொன்னா விழற அடி எந்த ரிப்போர்ட்லயும் வராது :-) அதனால மொத நாளே டீல்: இந்த டயட் என்னுது, சமையலும் என்னுது. அம்மாகிட்ட கேட்டு அரிக்கஞ்சட்டி வாங்கிட்டு வந்தேன். தண்ணி ஊத்தி ஆட்டி ஆட்டி ஊத்தினா சாமை மிதந்து போயிடும், கல் அடியில தங்கும். முதல் வாரம் அரை மணி நேரம் ஆச்சு, இப்ப ஆறு நிமிஷம். அரை மணி ஊற வெச்சு, ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி, குக்கர்ல ரெண்டு விசில். குழம்புக்கு எண்ணெய்க்கு பதிலா வறுத்த எள்ளு, கடலை அரைச்சு ஊத்தறேன். தாளிக்க மட்டும் அரை ஸ்பூன் எண்ணெய். கேம்ப்பெல் சார் மன்னிக்கணும், கடுகு வெடிக்காத குழம்பை நான் குழம்புன்னு ஒத்துக்க மாட்டேன்.

இந்த வருஷத்துல கஷ்டமானது சாமை இல்ல. தயிர். சாப்பாட்டோட கடைசி உருண்டை தயிர் சாதமா இல்லன்னா சாப்பிட்டு முடிச்ச ஃபீலிங்கே வராது. முதல் ரெண்டு மாசம் தட்டை வெச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன், ஏதோ பாட்டு பாதியில நின்ன மாதிரி. ரசத்தை கடைசிக்கு தள்ளினதுல ஓரளவு சரியாச்சு. அடுத்தது ஆபீஸ் டீ. நாலு மணிக்கு டீம் மொத்தமும் கீழ இறங்கும், நான் மட்டும் சுக்கு காப்பி. "என்ன மச்சி, மாலை போட்டிருக்கியா?"னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். நாப்பத்தெட்டு நாளைக்கு தொல்லை இல்ல பாருங்க.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். அவருக்கும் சேத்துதான் இதையெல்லாம் ஆரம்பிச்சேன். ஊருக்குப் போனப்ப சாமைச் சோறும் கீரைக் கடைசலும் நானே பண்ணி வெச்சேன். தட்டைப் பாத்தார். "கூழுக்கு பயந்துதான்டா உன்ன இஞ்சினியரிங் படிக்க வெச்சேன். நீ சுத்திட்டு திரும்ப கூழுகிட்டயே வந்து நிக்கற." நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்னு வளந்த மனுஷன். மூணு வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிட முடிஞ்சது அவர் வாழ்க்கையில ஜெயிச்ச விஷயம். அதை "கார்போஹைட்ரேட்"னு நான் எப்படி சொல்றது? சொல்லல. ராத்திரி ஒரு வேளை மட்டும் பேரம் பேசி முடிச்சேன், தயிர் ஊத்தி. அவருக்கு தயிர் உண்டு.

அளவு பத்தியும் ஒண்ணு. 2025 செப்டம்பர்ல ஐசிஎம்ஆர் ஆய்வுக் குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டாங்க. நாம சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருதாம். அரிசி, மைதாவுக்கு பதிலா கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு மாத்தறதால மட்டும் சுகர் அபாயம் குறையல, மாவுச்சத்தோட மொத்த அளவும் குறையணும், அந்த இடத்துல புரதம் வரணும்னு சொல்றாங்க. சாமை தோசை எட்டு, சாமை குக்கீஸ், சாமை நூடுல்ஸ்னு போறவங்க இதைப் படிச்சா நல்லது. என் தட்டுல இப்ப சாமை ஒரு கரண்டி, மீதியெல்லாம் பருப்பு, மொச்சை, காய், கீரை. ஐ.நா. 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து பாக்கெட்டுங்கதான் பெருகிடுச்சு. ரேஷன்ல அதே 2023ல நீலகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துல அரிசிக்கு பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க. ஜவ்வாது மலை சாமை ஜவ்வாது மலை ரேஷன் கடையிலேயே உமி நீக்கி கிடைச்சா, அந்த அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கும்.

இதை யாராவது ஆரம்பிக்கறதா இருந்தா: பி12 தாவரத்துல கிடையாது. டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டே ஆகணும், இதுல வீராப்பு வேண்டாம். குறைஞ்சா கை கால் மரத்துப் போகும், ரத்தசோகை வரும். வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கு பி12 இன்னும் குறைய வாய்ப்பு இருக்கு. அப்பாவுக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்ததுல குறைவாத்தான் இருந்துச்சு. சுகர் மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம டயட்டை மாத்தினா சுகர் லோ ஆகவும் சான்ஸ் இருக்கு.

ரிசல்ட் கேப்பீங்களே. 2026 ஜனவரியில எடுத்தது 5.6. எடை 7 கிலோ குறைஞ்சிருக்கு. இதுல சாமைக்கு எவ்வளவு, விட்டுத்தொலைச்ச சாயங்கால பஃப்ஸுக்கு எவ்வளவு, தினம் நாலு மாடி ஏறினதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல. ஒரே சமயத்துல மூணு மாத்தம் பண்ணிட்டு எது பக்கை சரி பண்ணுச்சுன்னு கேக்கற கதை.

சாமை இப்ப மாசம் ரெண்டு கிலோ. மலைக்கு நான் போக முடியாத மாசம் போளூர்ல இருந்து அம்மா பஸ்ல போட்டு விடறாங்க. வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடணும். கீழ்த்தட்டு முழுக்க சாமைன்னு தங்கமணி நேத்து கம்ப்ளெயின்ட், இட்லி மாவு வெக்க இடமில்லையாம். இந்த வாரம் பேச்சுவார்த்தை.